'நோ சூனர்' வந்தால் 'தேன்'தான் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பில் பத்தாம் வகுப்பு ஆங்கில மாதிரி வினா-விடை வந்திருந்தது. இரு வாக்கியங்களை இணைக்கும் பகுதியில், 'நோ சூனர் டிட் த பெல் ரேங் வென் த பாய்ஸ் ரேன் அவுட்' என்று விடை போட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் இரண்டு பிழை. 'டிட்' வந்த பிறகு 'ரேங்' ஏது? 'ரிங்'தான். 'சூனர்' ஒப்பீட்டுச் சொல். 'பெட்டர்', 'பிக்கர்' போல அதற்கும் 'தேன்' (than) தான் வரும். 'வென்' சேர்வது 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி'யோடு. இது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் இப்படி அச்சானதுதான் வருத்தம்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 'தேன்' என்று நான் திருத்தியதும் ஒரு மாணவி நோட்டில் ஒட்டிவைத்திருந்த தங்கள் பக்கத்தைக் காட்டினாள். அந்த விடைக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. "பேப்பர்லயே போட்டிருக்காங்க சார்" என்றாள். ட்யூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டில் தங்கள் இணைப்புதான் கைடு. நாற்பது பேருக்குப் பாடம் நடத்தியவன் சொல் அங்கே எடுபடவில்லை.

போன வருடமும் 'நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ் வாஸ்' என்று வந்தது. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் எழுவாய் பன்மையாக இருக்கும்போது 'வேர்' அல்லவா வர வேண்டும்? அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. 'டூ' (too) இருந்தால் எடுத்துவிட்டு 'ஸோ தட்' போடு, 'நாட்' சேர் என்று சூத்திரம் மட்டும் தருகிறீர்கள். ஏன் என்று ஒரு வரி கிடையாது. இரண்டு தாளாக இருந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை 2019-ல் ஒரே தாளாக்கினார்கள். அதிலிருந்தே இலக்கணத்தை நிறுத்தி நிதானமாக நடத்த நேரம் போய்விட்டது. பள்ளியில் விட்டதைப் பத்திரிகையாவது ஈடுகட்டும் என்று நம்பித்தான் மாணவர்களிடம் தங்கள் இதழை வாங்கச் சொன்னேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன், அதே இணைப்பில், அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிடுங்கள். உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் 'வருந்துகிறோம்' என்று போட்டால் பிள்ளைகள் கண்ணில் படாது. இனி அச்சுக்குப் போகும் முன் வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பக்கத்தைக் காட்டுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.