முதுகுத் துணியும் மெழுகுவத்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் உள்ள பெண்கள் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சூப்பர் ஹீரோ வேடமிட்டுக் குழந்தைகளின் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் ஊட்டி, குன்னூர் மண்டபங்களோடு நின்றுவிடாமல், இப்போது தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகள் வரை வந்துவிட்டது. அதைக் குறை சொல்வதற்காக நான் இக்கடிதத்தை எழுதவில்லை. பிள்ளைகளின் முதுகில் நாம் கட்டிவிடும் துணியும், கேக்கின் மேல் ஏற்றிவைக்கும் மெழுகுவத்தியும் ஒரே மேசையருகே சேர்கிற அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பெற்றோரும், அலங்காரப் பொருள் விற்போரும், மண்டபம் நடத்துவோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஐந்து வயது நிறைந்தது. ஒரு சிறிய மண்டபத்தைப் பிடித்து, விழா ஏற்பாடு செய்து தருபவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தோம். வந்திருந்த 14 குழந்தைகளுக்கும் அவர் பளபளக்கும் சாட்டின் துணியில் சிவப்பும் நீலமுமாக, பிள்ளைகள் ‘கேப்’ என்று சொல்லும் முதுகுத் துணியைக் கொடுத்து, கழுத்தில் நாடாவால் முடிச்சுப் போட்டுவிட்டார். கேக்கின் நடுவே பூத்திரி போலப் பொறி கக்கும் மெழுகுவத்தி ஒன்று. அது எரியத் தொடங்கியதும், உற்சாகத்தில் இருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஸ்நோ ஸ்பிரே டப்பாவை மேசைப் பக்கம் திருப்பி அழுத்தினான். வெள்ளை நுரை வருமென்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கண் முன்னே ஒரு முழ நீளத்துக்குத் தீ சீறிப் பாய்ந்து, பேரனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அண்டை வீட்டுச் சிறுமியின் முதுகுத் துணி ஓரத்தில் பற்றிக்கொண்டது. நாடா முடிச்சு இறுகிப்போயிருந்ததால் அவிழவில்லை. என் மகள் அதைப் பிடித்து இழுக்க இழுக்கக் குழந்தையின் கழுத்துதான் நெரிந்தது. கடைசியில் கேக் வெட்டும் கத்தியால் நாடாவை அறுத்துத்தான் அந்தத் துணியைப் பிரித்தெடுத்தோம். இதெல்லாம் நடந்து முடிய அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. சிறுமியின் மணிக்கட்டில் உருகிய துணி சொட்டி, ஒரு ரூபாய் நாணயத்தளவு ஆழமான புண் ஏற்பட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அவள் எங்கள் வீட்டுக்கு விளையாட வரும்போதெல்லாம் என் பார்வை முதலில் அங்கேதான் போகிறது.

துணியைப் பற்றி இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியவள், அன்று அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்த கையோடு வேண்டாம் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆகவே இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கடையில் சாட்டின் என்று விற்கும் மலிவான துணியில் பெரும்பகுதி பாலியெஸ்டர்தான். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி நூலாக இருந்தால் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி நூல் முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கி, நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பாலியெஸ்டர் நூலோ சுருண்டு, உருகி, நுனியில் கடுகளவு கறுப்பு மணியாகத் திரளும். ஆறிய பிறகு அந்த மணி கல் போல இருக்கும். சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த மணிதான் குழந்தையின் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் போகாமல் உள்ளே உள்ளே சுடுகிறது. பருத்தி என்றால் பயமில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. உடலோடு ஒட்டாமல் தொங்கும் மெல்லிய பருத்தித் துணி வெகு வேகமாகப் பற்றும். எந்தத் துணியானாலும் தீயருகே அது தொங்கக் கூடாது என்பதே முதல் பாடம்.

ஸ்நோ ஸ்பிரே டப்பாக்கள் பலவற்றில் நுரையை வெளியே தள்ளுவது பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்கள்; நம் சமையல் எரிவாயு உருளையில் இருப்பவையும் அவைதான். எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கை டப்பாவின் அடியில் எறும்பு போன்ற எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், அச்சிடப்பட்டிருக்கிறது. அதை ஒரு பத்து வயதுப் பையன் எப்படிப் படிப்பான்? பலூனிலும் இதே ஆபத்து உண்டு. ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். விலை குறைவு என்பதற்காகச் சிலர் நிரப்பும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடித்து எரியும். மேட்டுப்பாளையத்தில் நிரப்பி மேலே கொண்டுவரும் பலூன்கள், மலையேற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் உப்பிக்கொண்டே வரும். நீட்சி இல்லாத ஃபாயில் பலூன் என்றால், வண்டிக்குள்ளேயே ஒட்டு விட்டுப் பிளந்துவிடக்கூடும். அந்த வாயு ஹைட்ரஜனாகவும் இருந்துவிட்டால், அடைத்த வண்டிக்குள் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்று குழந்தைக்குப் புண் பட்டதும் ஒருவர் பற்பசையை எடுத்து வந்தார், மற்றொருவர் பேனா மை தடவலாம் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் இரண்டுமே தவறு. சுட்ட இடத்தை ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிய பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்கக் கூடாது, பனிக்கட்டியும் வைக்கக் கூடாது. நம் ஊர்க் குழாய் நீர் மார்கழியில் விரல் விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருப்பதால், புண்ணை மட்டும் நீரில் காட்டி, குழந்தையின் மற்ற உடலைக் கம்பளியால் போர்த்திவைப்பது நல்லது. உடையில் தீப் பற்றினால் ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து உருட்ட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு இந்த ஆண்டும் பேரன், “பாட்டி, எனக்கு சூப்பர் ஹீரோ பர்த்டேதான் வேணும்” என்றான். என் மகள் கூடாது என்றாள். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பத்து வயது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்பதைப் படித்துவிட்டு, என் அண்ணன் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் துளைக்குள் விரலை விடப்போனான். அம்மா பார்த்துவிட்டதால் கரண்டிக் காம்பால் வாங்கிய அடியோடு தப்பினான். அம்மா ஆத்திரத்தில் புத்தகத்தைப் பிடுங்கி எறியவில்லை. துளைகளை மரக்கட்டையால் அடைத்துவிட்டு, புத்தகத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். அதே வழியில்தான் நானும் போக நினைத்தேன்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு வேடம் வேறு, தான் வேறு என்ற பிரிவு முழுதாக வந்திருக்காது. முதுகில் துணி பறந்தால் தானும் பறக்கலாம் என்று தோன்றிவிடும். சமவெளியில் என்றால் கட்டிலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வார்கள். நம் மலையில் பாதி வீடுகளின் முற்றம் ஒரு தடுப்புச் சுவரில் போய் முடிகிறது. எங்கள் முற்றத்தின் விளிம்பிலிருந்து எட்டடிக்குக் கீழே அடுத்தவரின் கேரட் தோட்டம். மழைக்காலத்தில் பாசி பிடித்த அந்த விளிம்பில் முகமூடி போட்ட பிள்ளை ஒன்று நிற்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆகையால் விளையாட்டு முழுவதையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, முற்றத்துக் கதவைத் தாழிட்டோம். முகமூடிக்குப் பதிலாக, நெற்றியில் கட்டும் அட்டைப் பட்டையில் பிள்ளைகளே வண்ணம் தீட்டினார்கள். கண்ணை மறைக்கும் முகமூடியோடு மலைவீட்டுப் படிகளில் ஏறி இறங்குவது பெரியவர்களுக்கே ஆகாது.

முதுகுத் துணியை இம்முறை நானே தைத்தேன். பழைய பருத்திச் சேலை ஒன்றில் 14 துணிகள் தாராளமாக வந்தன. நீளம் 18 அங்குலம், அதாவது இடுப்போடு நின்றுவிடும், காலில் தடுக்காது. கழுத்தில் நாடாவோ கயிறோ பொத்தானோ கிடையாது. இரண்டு தோளிலும் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும்படி ஓர் அங்குல வெல்க்ரோத் துண்டு மட்டும் வைத்தேன். ஒற்றை விரலால் இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. தைத்து முடித்த ஒவ்வொன்றையும் கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். இரண்டு துணிகள் வராமல் பிடித்துக்கொண்டதால் வெல்க்ரோவைப் பாதியாக வெட்டிவிட்டு மறுபடியும் தைத்தேன். இதற்கிடையில் பேரன் வந்து, ஸ்பைடர்மேனுக்கு இது கிடையாதே என்று என்னைத் திருத்தினான். அவன் சொன்னது சரிதான். 1938-இல் தோன்றிய சூப்பர்மேனுக்கும் 1939-இல் தோன்றிய பேட்மேனுக்கும் உண்டு, 1962-இல் வந்த ஸ்பைடர்மேனுக்கு இல்லை. ஆகவே அவனுக்குச் சிவப்பு ஸ்வெட்டரில் கறுப்புக் கம்பளி நூலால் வலை பின்னிக்கொடுத்தேன். அதை இப்போது பள்ளிக்கும் போட்டுக்கொண்டு போகிறான்.

மெழுகுவத்தி ஏற்றும் முன் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் துணியைக் கழற்றிச் சுவரில் அவரவர் பெயருக்கு நேரே இருந்த ஆணியில் மாட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். விளையாட்டின் ஒரு பகுதியாகச் சொன்னதால் ஒருவரும் முரண்டு பிடிக்கவில்லை. சாதாரண மெழுகுவத்தி ஆறு, மேசையிலிருந்து இரண்டடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு, வாசலருகே ஒரு வாளித் தண்ணீர். மணிக்கட்டில் தழும்புள்ள அந்தச் சிறுமி கோட்டிலிருந்து இன்னும் நான்கடி தள்ளியே நின்றாள். அவளை யாரும் முன்னால் வா என்று கூப்பிடவில்லை.

அலங்காரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உயரமான கட்டடங்களைப் போலத் தெர்மாகோலில் வெட்டி மேடைக்குப் பின்னால் நிறுத்துவது இவ்விழாக்களில் வாடிக்கையாகிவிட்டது. அலங்காரத்துக்கான தெர்மாகோலும், பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும், 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பதாகையும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் உறிஞ்சுகுழலும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடையில் உள்ளன. நாங்கள் பழைய அட்டைப் பெட்டிகளை அடுக்கி, சன்னல்களுக்கு மஞ்சள் தாள் ஒட்டினோம்; அதில் பாதியைப் பிள்ளைகளே செய்தார்கள். விழாவை முன்பகல் 11 மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடித்தோம். மாலையில் வைத்தால் திரும்பும் வழியில் காட்டெருமை நிற்கும், வெளியே போட்ட கேக் மிச்சத்துக்குக் கரடி வரும். கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பவை சிலவே. ஸ்நோ ஸ்பிரேயைக் கேக்கோடும் மெழுகுவத்தியோடும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்பதைக் கடைக்காரர்கள் நிறுத்த வேண்டும். தனியே விற்றாலும் தீயருகே ஆகாது என்று வாங்குபவரிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேட உடை வாடகைக்குத் தருபவர்கள் கழுத்து நாடாவை அறுத்தெறிந்துவிட்டு வெல்க்ரோ வைக்க வேண்டும். ஓர் உடைக்கு ஆகும் செலவு ஒரு குவளைத் தேநீர்க் காசுக்குள் அடங்கிவிடும். மண்டபத்தார் கேக் மேசைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கனத்த கம்பளியும் வைத்து, தீயணைப்புக்கான 101, ஆம்புலன்ஸுக்கான 108 என்ற எண்களைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். முதுகுத் துணியை வெட்டுவதற்கான அளவு மாதிரியைப் பெரிய தாளில் வரைந்து, கோத்தகிரி கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவியிடம் கொடுத்திருக்கிறேன். கேட்டு வரும் பெற்றோருக்கு அவர் நகல் எடுத்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.