திரும்பி வரவேண்டிய உரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்கள் என்றதும் திருட்டுப் பதிப்புகளே முதலில் பேசப்படுகின்றன. அவற்றைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால், படைப்பவர் தாமே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தத்தால் பதிப்புரிமை கைவிட்டுப் போவதைப் பற்றி அதே அக்கறையுடன் பேசப்படுவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். என் முதல் நூலுக்காகப் பதிப்பகத்தார் நீட்டிய இரண்டு பக்க ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில், 'இப்போதுள்ளனவும் இனி வரக்கூடியனவுமான எல்லா வடிவங்களிலும், எக்காலத்துக்கும்' என்றொரு வரி இருந்தது. புத்தகம் வரப்போகிற மகிழ்ச்சியில் அதன் பொருளை எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் மறுபதிப்பு வரவில்லை. வேறொருவர் வெளியிட முன்வந்தபோது, உரிமை தங்களுடையது என்று மறுத்தவர்கள் தாங்களும் அச்சிடவில்லை. மூல ஆசிரியர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் மூலநூல் எல்லோருக்கும் பொது. என் உழைப்புதான் பூட்டிக் கிடக்கிறது.

சட்டம் மொழிபெயர்ப்பாளரைக் கைவிட்டுவிட்டதாக நான் சொல்லவில்லை. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான, 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை மொழிபெயர்ப்பையும் மூலப் படைப்புக்கு நிகராகவே காக்கிறது. பதிவு எதுவும் இல்லாமலே உரிமை பிறக்கிறது. படைப்பாளர் மறைந்த பின்னும் குறைந்தது 50 ஆண்டுகள் அது நீடிக்கிறது. ஆனால், உரிமை வேறொருவர் கைக்குப் போய்விட்டால், இத்தனை நீண்ட பாதுகாப்பே படைப்பை இத்தனை நீண்ட காலம் முடக்கி வைக்கவும் பயன்படுகிறது.

இங்கிலாந்தில் 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் இதைப் பற்றிச் சிந்தித்திருந்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள் உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால், மேலும் 14 ஆண்டுகளுக்கு உரிமை அவரிடமே திரும்பும். பதிப்பாளர்கள் அந்த இரண்டாம் தவணையையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டதால் நல்ல நோக்கம் நீர்த்துப்போனது. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைக்க முயன்றது: வேலைக்கு அமர்த்தியவருக்காகச் செய்யப்பட்டு, சட்டப்படி அவருக்கே உரிய படைப்புகள் நீங்கலாக, ஆசிரியர் தாமே எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பின், ஒப்பந்தம் என்ன சொன்னாலும், உரிய அறிவிப்புக் கொடுத்து மீட்கலாம். ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும் என்பதே அதில் எனக்குள்ள குறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, தனியுரிமை பெற்றவர் படைப்பைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் படைப்பாளர் அதைத் திரும்பப் பெற வழிசெய்கிறது. கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைத் (பேட்டன்ட்) துறைக்கும் இந்தச் சிந்தனை புதிதல்ல; கண்டுபிடிப்பைச் செயல்படுத்தாமல் முடக்கி வைத்தால், குறித்த காலத்துக்குப் பின் உரிமையாளர் சம்மதமின்றியே பிறருக்குக் கட்டாய உரிமம் வழங்க, தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கை இடம் தருகிறது.

முதல் போட்டுப் புத்தகம் அச்சிடுபவருக்கு அதைத் திரும்ப எடுக்கும் காலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நூல் அச்சில் உள்ளவரை உரிமையை அவரே வைத்துக்கொள்ளட்டும். அச்சில் இல்லாமல் 5 ஆண்டுகள் கடந்தால், மனுவோ வழக்கோ இன்றி அது எழுதியவரிடம் திரும்ப வேண்டும்; இந்த விதியை எந்த ஒப்பந்த வரியாலும் விலக்கிவைக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

என் மொழிபெயர்ப்பின் ஒரே ஒரு பிரதி என் அலமாரியில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுகிற வாசகர்களுக்காக இணையத்தில் ஏற்றிவைக்கக்கூட எனக்கு உரிமையில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மொழிபெயர்ப்பாளர்