கல்லுக்கு முன் பெயர்

மெரிபேங்க், டர்பன்

அன்புள்ள கூட்டாளி,

உன் கடிதமும் படங்களும் போன கிழமை வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். மனைவிக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. குளிர் போனால் வலியும் போகும் என்கிறாள். மகன் கேப் டவுனுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். நான் இன்னும் மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

உங்கள் ஊர் சிங்குவாகூசிப் பூங்காவில் நிற்கும் தமிழினப்படுகொலை நினைவுச்சின்னத்தை நீ எடுத்த படங்களை இருவரும் மாறிமாறிப் பார்த்தோம். 2009-இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுந்த நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். அதே மாதத்தில் கனடாவில் உங்கள் பிரம்டன் மாநகர சபை, எங்கள் நகரத்தில் ஒன்றை எழுப்புவோம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. 2025 மே 10 அன்று திறந்தும் விட்டீர்கள். கொழும்பு, கனடாத் தூதுவரை அழைத்து ஆட்சேபித்த செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் வந்தது. அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் அது நிற்கிறது. ஊரில் கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்தின், புலிகளைப் புதைத்த இடுகாட்டின், மேல் இராணுவ முகாம் எழுந்தது. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களை இரவில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். செத்தவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சுவதே குற்றம் என்றால், வெளிநாட்டில் ஓர் இடம் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் என்ன வாதம்!

இங்கேயும் அப்படியொரு நினைவிடம் எழுப்பும் பேச்சு தொடங்கிவிட்டது. கோயில் மண்டபத்தில் கூடினோம். எழுபது எண்பதுகளில் டிரான்ஸ்கை, லெசோத்தோ என்று ஆசிரியர்களாக வந்து தங்கிவிட்ட என்னைப் போன்றவர்கள் சிலர், வன்னியிலிருந்து வந்த சில குடும்பங்கள், மற்றவர்கள் எல்லாம் இவ்வூர்த் தமிழர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து இறக்கியதே, அந்தக் கப்பலிலும் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பெரும்பாலானோருக்குத் தமிழ் எழுத வராது. ஆனால் தேவாரம் பாடினால் மண்டபம் நிறையும்.

அவர்களில் ஓர் இளைஞர் எழுந்து, இலங்கையில் நடந்ததற்கு டர்பனில் ஏன் நினைவிடம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாய் திறக்குமுன் மெரிபேங்கிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் கிருஷ்ணா ராபிலாலின் பெயரைச் சொன்னார். எங்கள் மெரிபேங்க் பிள்ளை. நிறவெறி அரசின் படை 1981 ஜனவரி 30 அன்று எல்லை தாண்டி மொசாம்பிக்கின் மட்டோலாவில், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்கள் தங்கியிருந்த வீடுகளைத் தாக்கியபோது கொல்லப்பட்டவர்களில் ஒருவர். அவர்களுக்கு மட்டோலாவிலேயே நினைவுச்சின்னம் எழுந்தது. 2015-இல் இரு நாட்டு ஜனாதிபதிகளும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். "நம் பிள்ளைகளுக்கு அந்நாட்டுக்காரன் இடம் கொடுத்தான். நாம் கொடுக்க மாட்டோமா?" என்று கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்தார். அதன்பின் அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நாராயணசாமியின் நினைவு வந்தது. இந்நாட்டில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் சேர்ந்ததற்காக இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பிவந்தவர். இந்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கவிடாமல் அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் விட்டார். இன்றைய மாபுட்டோ விரிகுடாதான் அது, மட்டோலாவுக்குப் பக்கம். அதே போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்த ஒரு வாரத்தில் 1909-இல் இறந்த நாகப்பனும், 1914-இல் தன் பதினாறாவது வயதில் இறந்த வள்ளியம்மையும் ஜொகனஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் கிடக்கிறார்கள். வள்ளியம்மை பிறந்தது ஜொகனஸ்பர்க்கில். ஆனாலும் அவள் பெற்றோரின் ஊரான தில்லையாடியில் அவளுக்கு மண்டபம் இருக்கிறது. வேற்று நாட்டு அரசு வதைத்தவர்களுக்குத் தங்கள் ஊரில் இடம் ஒதுக்குவது தமிழருக்குப் புதிய வழக்கமில்லை.

இனி என் ஆதங்கத்தைச் சொல்கிறேன். கூட்டத்தின் மிச்ச நேரம் முழுவதும் கல்லைப் பற்றியே போனது. எத்தனை அடி உயரம், கறுப்புக் கிரானைட்டா வெள்ளைப் பளிங்கா, திறப்புவிழாவுக்கு யாரை அழைப்பது, யார் பெயர் அடிக்கல்லில் வருவது. பெயர் என்றதும் கொடையாளர் பெயரைப் பற்றித்தான் பேசினார்கள். செத்தவர்களின் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்து நான் கற்றது ஒன்று உண்டு. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையில் ஏழாவது தொகுதி முழுவதும் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்தான். அகரவரிசையில் ஒவ்வொரு பெயர், அதன்கீழ் இரண்டு மூன்று வரி: எந்த ஊர், என்ன நடந்தது, யார் செய்தது. 2002-இல் வந்தது. இங்கே நூலகத்தில் அதைப் புரட்டும் ஒருவர் தன் அண்ணனைத் தேடி விரலை மேலிருந்து கீழே ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கண்டதும் அந்த விரல் நின்றுவிட்டது.

இன்னொன்று கப்பல் பதிவேடு. மனிதரைக் கரும்புக்கு விலை பேசிய அதே வெள்ளையர் ஆட்சி, ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் என்று எழுதிவைத்தது. தங்கள் கணக்குக்காகத்தான் எழுதினார்கள். ஆனால் அதை வைத்துத்தான் இன்று இங்குள்ள பிள்ளைகள் பாட்டனின் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். முள்ளிவாய்க்காலுக்கு அதுகூட இல்லை. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011-இல் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது. அந்தக் குழுவின் மூவரில் ஒருவர் யஸ்மின் சூக்கா. நான் மேலே சொன்ன இந்நாட்டு ஆணைக்குழுவில் இருந்தவர். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000 பேர் கணக்கில் வரவில்லை என்றது. இரண்டுக்கும் இடையில் முப்பதாயிரம் உயிர் ஊசலாடுகிறது, கூட்டாளி. கணக்கு வாத்தியான் எனக்கு அது தாங்க முடியாத வித்தியாசம்.

கூட்டம் கலையும்போது வன்னிப் பெண் ஒருவர் என்னிடம் ஒரு பள்ளிக் கொப்பியைத் தந்தார். கோடு போட்ட சாதாரணக் கொப்பி, மூலையெல்லாம் சுருண்டிருந்தது. தன் கிராமத்தவர்களை வீடுவாரியாக எழுதியிருக்கிறார்: பெயர், வயது, இன்னாரின் மகள், செத்தது பொக்கணையிலா மாத்தளனிலா வட்டுவாகலிலா, ஷெல்லா துவக்குச் சூடா. தெரியாத இடத்தில் கோடு மட்டும். ஒரு வரியில் "குழந்தை, ஆறு நாள்" என்று இருந்தது. பெயர் வைக்கவில்லையாம். அந்த வரிக்கும் கல்லில் இடம் வேண்டும் என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல!

அந்தக் கொப்பியில் இரண்டு பெயருக்கு நேரே, தப்பி வரும்போது இயக்கம், அதாவது புலிகள், சுட்டது என்றும் எழுதியிருக்கிறார். இதனால் அடுத்த கூட்டத்தில் சண்டை வரும். பிரிட்டோரியாவில் விடுதலைக்காக உயிர் விட்டவர்களின் பெயர்களைப் பொறித்த ஃப்ரீடம் பார்க் சுவரில் நிறவெறிப் படைவீரர்களின் பெயரைச் சேர்க்கவில்லை என்ற சண்டையில், எதிர்க்குன்றில் அவர்களுக்குத் தனிச்சுவர் எழுந்தது. இது அந்தச் சண்டை இல்லை. இவர்கள் படைவீரர் அல்லர், பசியோடு ஓடிய குடியானவர்கள். அந்த நிபுணர் குழுவும் புலிகள் தப்பி ஓடியவர்களைச் சுட்டதை எழுதியிருக்கிறது. அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து அதற்குள் ஷெல் அடித்ததையும் வைத்தியசாலைகளைத் தாக்கியதையும் கல்லில் ஒளிவுமறைவின்றி வெட்ட வேண்டும். அதே கல்லில் அந்த இரண்டு பெயரும் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

மாநகராட்சி நிலம் கிடைக்க எப்படியும் காலம் எடுக்கும். கரும்புக்கு வந்தவர்களுக்குக் கடற்கரையில் சின்னம் என்ற பேச்சே 2010-இல் 150-ஆம் ஆண்டு நிறைவில் எழுந்து, பத்தாண்டுக்கு மேல் இழுபட்டது. அந்தக் காலத்தில் பெயர்களைத் திரட்டலாம்.

உன்னிடம் இரண்டு உதவி. உங்கள் சபையின் தீர்மானத்தின் பிரதியை அனுப்பு. இங்குள்ள சட்டத்தரணி கேட்கிறார். இரண்டாவது, ரொறன்ரோவில் இதுபோன்ற கொப்பிகள் எத்தனையோ வீட்டு அலுமாரியில் இருக்கும். எழுதி வைத்தவர்களுக்கு வயதாகிறது. நம் பள்ளிக்கூடத்து நண்பர்களிடமிருந்து தொடங்கு. பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், இங்கே நானும் பிள்ளைகளும் தட்டச்சு செய்கிறோம். எழுதியவர் சம்மதம் இல்லாமல் எதையும் எடுக்காதே, ஊரில் உறவினர் இருக்கிறார்கள்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் கூட்டாளி