சூலூர் பேக்கரி முன்னால் நின்ற பால்காரருக்கு

பொங்கல் முடிந்த வாரம், கோவை - திருச்சி ரோட்டில் ஒரு வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து, கை உரசும் தூரத்தில் என்னைத் தாண்டினார். தார் விளிம்பிலிருந்து மண்ணில் சறுக்கி விழுந்தேன். "சைக்கிளுக்கு எதுக்கு மெயின் ரோடு?" என்று கத்திவிட்டு வேறு போனார். முட்டிக்காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. அதற்கப்புறம் சைக்கிளில் ஏறினாலும் ரோட்டைக் கண்டதும் இறங்கிவிடுவேன்.

அப்படி உருட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில்தான், கேரியரில் பால் கேனைக் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த நீங்கள், "ஏனுங் அம்மணி, பஞ்சருங்களா?" என்றீர்கள். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. 'பார்த்துப் போகணும்' என்று அறிவுரையும் சொல்லவில்லை, அதுவே பெரிசு.

"என்ற பின்னாடியே வாங்க."

நாலு நாள், ஒண்டிப்புதூர் பாலம் வரை. விளிம்பை விட்டு ஒன்றரை முழம் உள்ளே ஓட்டச் சொன்னீர்கள். ஓரத்தில் ஒடுங்கினால்தான் 'இடம் இருக்கு' என்று நெருக்கித் தாண்டுகிறார்களாம். விலகும் முன் திரும்பிப் பார்த்துக் கை காட்ட வேண்டும். "லாரிக்கு இடது பக்கம் மட்டும் நுழைஞ்சறாதீங்க, அவருக்கு நம்மளத் தெரியாது."

ஐந்தாம் நாள் உங்களைக் காணோம். தனியாகவே போனேன். பின்னால் ஹாரன் அடித்தது, கை நடுங்கியது, மண்ணில் இறங்கவில்லை.

பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பேக்கரியில் விசாரித்தால், "எந்தப் பால்காரருங்க?" என்கிறார்கள். ரொம்ப நன்றிங்கய்யா. டீக்காசு என் கணக்கில் பாக்கி இருக்கிறது.