கிராஞ்சியில் பெயர் தேடுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் மாண்டோருக்கான நினைவு ஞாயிறு (நவம்பர் இரண்டாம் ஞாயிறு) நெருங்கும்போது, இரண்டாம் உலகப் போரில் மாண்ட உறவினரின் பெயரைத் தேடிச் சில குடும்பங்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்துக்குச் செல்வதுண்டு. புல்வெளிக் கல்லறைகளை மட்டும் சுற்றிவிட்டு, நம்மவர் பெயர் இல்லை என்று திரும்பிவிட வேண்டாம். அங்கே கல்லறைகள் சுமார் 4,460தான். அடக்க இடம் தெரியாத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் மேட்டின் மேல், இறக்கை போன்ற கூரையைத் தாங்கும் தூண்களில் உள்ளன. சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, அதன் பின்புறம் தனியே தகன நினைவிடம் உண்டு. மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள் அங்கும் கூட்டிப்போகலாமே!

புறப்படுமுன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைய இணையத்தளத்தில் தேடிவிடுங்கள். தமிழ் வீரர் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இட்டு, மற்றதைக் காலியாக விடவும். பெரிய சிக்கல் எழுத்துக்கூட்டல். அன்றைய எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். முனுசாமியின் ‘மு’வுக்கு ஒரு ‘யு’வும் வரும், இரண்டு ‘ஓ’வும் வரும், ‘சாமி’ பல விதம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் பலர் வந்தால் படை எண், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மாவட்டம் பழைய கணக்கு: நாமக்கல் ஊர்கள் சேலத்தில், வேலூர் ஊர்கள் வட ஆற்காட்டில் இருக்கும்.

கிடைத்த பதிவில் தூண் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போங்கள். தூணில் பெயர்கள் படைப்பிரிவு, பதவி வாரியாகப் பிரிந்திருப்பதால், அவை தெரியாமல் அகரவரிசையில் தேடினால் நாள் முழுதும் போகும். மாலை சாத்தலாம்; சந்தனம், எண்ணெய் வேண்டாம், கல்லில் கறை இறங்கிவிடும். நினைவு ஞாயிறன்று கூட்டத்தில் தேடுவது சிரமம், வேறு நாளில் செல்லுங்கள்.

இன்னொன்று. ஆணையத்தின் இரண்டாம் உலகப் போர்ப் பட்டியல் 1947 டிசம்பர் 31இல் இறந்தவர்களோடு முடிகிறது. போரின்போது ஜப்பானியர் அமைத்த சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்கள் படையினர் அல்லர் என்பதால் அந்தத் தூண்களில் இல்லை. தாத்தா சயாமில் இறந்தார் என்று மட்டும் அறிந்தவர்கள், அவர் படையில் இருந்தாரா, ரப்பர் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டாரா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வாசகர், ஈசூன்