ஃப்ளோர் பம்ப் கேஜ் தவறாகக் காட்டுவது பற்றிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: 160 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) டயல் உள்ள சைக்கிள் ஃப்ளோர் பம்புகளின் கேஜை (காற்றழுத்தமானியை) மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

எங்கள் சைக்கிள் குழுவில் உங்கள் பம்பு மூன்று இருக்கின்றன. மூன்றும் மூன்று கணக்கு சொல்கின்றன.

ஒரே டயரில் மாற்றி மாற்றி மாட்டினால், ஒவ்வொரு தடவையும் ஹோஸை நிரப்பவே கொஞ்சம் காற்று போய்விடும். அதனால் டீ-ஜாயின்ட் போட்டு, ஆய்வகச் சான்றுள்ள மாஸ்டர் கேஜோடு சேர்த்துச் சோதித்தோம். முள் அடங்கியபின், டயலுக்கு நேராகக் குனிந்து படித்த அளவுகள் இவை. மாஸ்டர் 25 காட்டியபோது பம்புகள் 31, 26, 20. மாஸ்டர் 70 காட்டியபோது 74, 71, 63.

பெட்டியில் கேஜின் பிழை ±3% என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது முழு அளவான 160-க்கு 3%, அதாவது 4.8 பிஎஸ்ஐ என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? 25-இல் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் இரண்டு பம்புகள் அந்த வரம்புக்குள்ளும் அடங்கவில்லை.

முதல் பம்பில் ஹோஸைக் கழற்றி வைத்தாலும் முள் 6-க்குக் கீழே இறங்குவதில்லை. உள்ளே முள்ளை நகர்த்தும் வளைந்த போர்டன் குழாய் நிரந்தரமாக விரிந்துவிட்டால் இப்படித்தான் நிற்கும். மூன்றாவதில் முள் ஸ்டாப்பர் பின்னில் ஒட்டிக் கிடக்கிறது, 5 பிஎஸ்ஐ ஏறும்வரை அசைவதில்லை. பின் இருப்பதால் பார்வைக்குப் பூஜ்யம் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. இதுதான் மோசம். டயரைக் கவ்வும் கொக்கி விளிம்பு இல்லாத ஹூக்லெஸ் ரிம்முக்கு உச்ச அளவு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. இந்தப் பம்பு 70 காட்டும்போது டயருக்குள் 77 இருக்கும். டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் ஓட்டுபவர் கதி என்ன?

முதல் பம்பை நம்பி 25 வைத்தவரின் டியூப்லெஸ் டயரில் உண்மையில் இருந்தது 19. கல்லில் ரிம் இடித்தது. அதே எடையும் அதே டயரும் உள்ள, 25 போதும் என்று சொன்ன இன்னொருவரை இவர் பொய்யர் என்றார். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. இருவர் சொன்னதும் அவரவர் டயலில் கண்ட உண்மைதான்.

மூன்று கேஜையும் 15 நாளுக்குள் மாற்றித் தாருங்கள். 25-இலும் 70-இலும் சோதித்த அளவை ஒவ்வொன்றோடும் எழுதி அனுப்புங்கள். பெட்டியில் ‘முழு அளவில் ±3%’ என்று தெளிவாக அச்சிடுங்கள். மலைச் சைக்கிளுக்கு 60 பிஎஸ்ஐ டயல் உள்ள பம்பைத் தனியாக விற்பனைக்குக் கொண்டுவாருங்கள்.

பில் நகல்களும் டயல் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்