குழந்தையின் மூளைக் கட்டிக்குத் தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் மூளைக் கட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறிகுறிகளை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். காலையில் தலைவலியோடு வரும் வாந்தி, நடையில் தள்ளாட்டம் எல்லாம் சரி. ஆனால் ‘காரணங்கள்’ என்ற பகுதியில் செல்போன், தவறான உணவு, கர்ப்ப காலத்தில் தாயின் கவனக்குறைவு என்று அடுக்கியிருந்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மகனோ மகளோ ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் ஒரு தாய் என்ன ஆவாள்?

குழந்தைகளுக்கு வரும் வீரியமான, அதாவது புற்றுநோய் வகை மூளைக் கட்டிகளில் முதலிடம் மெடுலோபிளாஸ்டோமாவுக்கு. இது தலையின் பின்புறம் அடியில் இருக்கும் சிறுமூளைப் பகுதியில் வருவது. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிரான்யூல் செல்கள் என்ற மிகச் சிறிய நரம்பு செல்கள். இத்தனை கோடி செல்களையும் உருவாக்க, சிறுமூளையின் மேற்பரப்பில் முன்னோடி செல்கள் (இன்னும் முதிராத, பிரிந்து நரம்பு செல்களாக மாறப்போகும் செல்கள்) ஒரு படலமாகப் பரவி, கருவிலும் பிறந்த பிறகும் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். ‘பிரிந்துகொண்டே இரு’ என்று அவற்றுக்குச் சொல்வது, அடியில் இருக்கும் புர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்பு செல்கள் சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம். வேலை முடிந்ததும் முன்னோடி செல்கள் பிரிவதை நிறுத்தி, முதிர்ந்து, உள்ளே இறங்கிவிடும், பிறந்து ஓராண்டு வாக்கில் அந்தப் படலமே இல்லாமல் போய்விடும். அப்படி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போனால்? இந்தச் சமிக்ஞைக்கு பிரேக் மாதிரி இருக்கும் பிடிசிஎச்1 மரபணு பழுதானால், புரதம் வராவிட்டாலும் செல் பிரிந்துகொண்டே இருக்கும். மெடுலோபிளாஸ்டோமாவின் ஒரு முக்கிய வகை இப்படித்தான், இயல்பான வளர்ச்சி முடியாமல் நீண்டுபோவதால்தான் உருவாகிறது.

இந்த மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகள். கார்லின் நோய்க்குறி (பிறவியிலேயே பிடிசிஎச்1 போன்ற மரபணு பழுதாகியிருப்பது) போன்ற பரம்பரைக் காரணம் இருப்பது சிறு பகுதியினருக்குத்தான், அதுவும் யாரும் வேண்டுமென்று கொடுத்ததில்லை. தலையில் பட்ட அதிக அளவு கதிர்வீச்சு மூளைக் கட்டிக்குக் காரணமாகலாம் என்பது நிரூபணமானது. செல்போனையும் தாயின் சாப்பாட்டையும் அந்த வரிசையில் வைக்க உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை.

எந்த முன்னோடி செல்லிலிருந்து கட்டி வந்தது என்பது சிகிச்சைக்கும் முக்கியம், அதைக் கட்டுரை தொடவே இல்லை. 1925இல் பெய்லி, குஷிங் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது ஒரே ஒரு கருச்செல்தான் மூலம் என்று நினைத்தார்கள். 2012இல் இது நான்கு வகை என்று ஆய்வாளர்கள் ஒருமித்து வகுத்தார்கள். அதில் டபிள்யுஎன்டி (WNT என்ற இன்னொரு செல் சமிக்ஞையின் பெயர்) வகை, மூளைத்தண்டை ஒட்டிய வேறொரு முன்னோடி செல்லிலிருந்து வருவது. அந்த வகைக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருக்கிறார்கள், அதனால்தான் அவர்களுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கலாமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. வளரும் மூளையில் கதிர்வீச்சு பட்டால் நினைவாற்றலும் படிப்பும் எவ்வளவு பாதிக்கும் என்பது இந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை அடைக்க விஸ்மோடெஜிப் என்று ஒரு மருந்தும் இருக்கிறது. ஆனால் எலும்பு வளர்வதற்கும் அதே சமிக்ஞை வேண்டும் என்பதால், வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்குக் கொடுத்தால் எலும்பின் வளர்முனைகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும் அபாயம் உண்டு. கட்டி வளர்வதும் குழந்தை வளர்வதும் ஒரே பாதையில் நடக்கும்போது பெரியவர்களின் புற்றுநோய்க்கு எழுதும் அறிவுரைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் எப்படி?

அந்தக் ‘காரணங்கள்’ பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அப்புறம், குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, கட்டியின் வகையைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனையைப் பற்றியும் எழுதுங்கள், பெற்றோர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்